பழைய மாதா கோயில் பக்கத்துல விசிட்டர் சென்டர் கட்டப் போறீங்களா? தோட்டத்து டவுன்காரங்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்க டவுன்ல நூறு வருஷத்துக்கு மேல ஆன மாதா கோயில் ஒன்னு இருக்கு, பக்கத்துல புல்லு மண்டிக் கெடக்குற காலி இடம் இருக்கு, அங்க ஒரு சென்டர் கட்டி வர்றவங்களுக்கும் ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் தோட்டத்து வரலாறு சொல்லிக் கொடுக்கலாம்னு கமிட்டி மீட்டிங்ல யாரோ சொல்லிட்டாங்க, எல்லாரும் சரின்னுட்டாங்க, ஆனா எங்கேந்து ஆரம்பிக்கிறதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. அந்த நிலைமைல இருக்கிறவங்களுக்குத்தான் இத எழுதுறேன். நான் மலேசியால, பேராக்ல ஒரு ரப்பர் தோட்டத்து டவுன்ல கோயில் கமிட்டி வேலையில ரொம்ப காலமா இருக்கிறவன், ஆர்க்கிடெக்ட் இல்ல. ஆனா ஆர்க்கிடெக்ட் வர்றதுக்கு முன்னாடி நாம செய்ய வேண்டியது நெறைய இருக்கு, அத செய்யாம அவர கூப்பிட்டா அவரு பாவம் அழகா ஒரு பில்டிங் வரைஞ்சு கொடுத்துட்டுப் போயிருவாரு, உள்ள என்ன வைக்கிறதுன்னு நமக்கே தெரியாது.

வரப் போறது யாரு?

டூரிஸ்ட்டுன்னு சொன்னதும் பஸ்ல வர்ற வெளிநாட்டுக்காரங்கதான் நம்ம மனசுல வர்றாங்க. மலாக்கா கிறைஸ்ட் சர்ச்சுக்கு அப்படி வருவாங்க, அது 1753-ல டச்சுக்காரங்க கட்டி முடிச்சது, டவுன் நடுவுல இருக்கு. புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன்ஸுக்கு ஜூலை கடைசில திருவிழாவுக்கு எல்லா மதத்துக்காரங்களும் கூட்டம் கூட்டமா வருவாங்க. நம்ம தோட்டத்துக் கோயிலுக்கு வர்றது வேற ஆளுங்க. கிறிஸ்மஸ் லீவுல, கல்லறைத் திருநாளுக்கு, இல்ல ஊர்ல ஒரு சாவு விழுந்தா, கோலாலம்பூர்லேந்தும் ஜொகூர்லேந்தும் சிங்கப்பூர்லேந்தும் கார்ல வந்து எறங்குவாங்க. லயம் (தோட்டத்து ஆளுங்களோட வரிசை வீடு) இருந்த இடத்துல இப்ப செம்பனைதான் நிக்குது. பிள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக்கொட்டகை இல்ல, காலைல பேரு கூப்பிடுற பெரட்டுக்களம் இல்ல, பல தோட்டத்துல தமிழ்ப்பள்ளியும் டவுனுக்கு எடம் மாறிப் போயிருச்சு. நிக்கிறது கோயில் மட்டும்தான். அதனால கோயிலுக்கு வருவாங்க, கேட்குற முதல் கேள்வி "எங்க தாத்தா இங்கதான் ஞானஸ்நானம் வாங்கினாருன்னு அப்பா சொல்வாரு, அதுக்கு ஏதாச்சும் ரெக்கார்ட் இருக்கா?"

இந்த ஒரு கேள்விக்கு நல்லா பதில் சொல்ற மாதிரி உங்க சென்டர டிசைன் பண்ணுங்க, மத்தது எல்லாம் தானா எடத்துல வந்து உட்காரும். கண்ணாடிப் பெட்டி, டிவி ஸ்கிரீன், செல்ஃபி எடுக்குற சுவர் இதெல்லாம் ரெண்டாவது. ஒரு மேசை, நாலு நாற்காலி, தேடிப் பார்க்க ஒரு பெயர்ப்பட்டியல், பக்கத்துல உட்கார்ந்து பேசுறதுக்கு விஷயம் தெரிஞ்ச ஒரு ஆளு, இதுதான் சென்டரோட நடுமையம்.

நிலம் யாரு பேர்ல இருக்கு?

சிரிச்சிட்டுப் போயிராதீங்க, பல பேரு மாட்டுற எடம் இது. பழைய தோட்டத்துக் கோயில் பல எடத்துல கம்பெனி நெலத்துல துரை வாய்வார்த்தையா விட்டுக் கொடுத்து கட்டினது. கோயில் நிக்கிற எடத்துக்கு கெரான் (நிலப் பட்டா) இருக்கும், பக்கத்துல காலியா இருக்கிற எடம் இன்னும் தோட்டத்தோடதா இருக்கும், நடுவுல எல்லைக்கல்லு எங்கன்னு யாருக்கும் தெரியாது. பெஜாபாட் தானாவுக்கு (நில ஆபீஸ்) போயி ஒரு சாரியான் ரஸ்மி (நிலப் பதிவோட அதிகாரப்பூர்வ நகல்) எடுங்க, செலவு ரொம்ப கம்மி, யாரு பேரு, என்ன கேட்டகிரி, என்ன நிபந்தனைன்னு எல்லாம் அதுல வந்துரும். கத்தோலிக்கக் கோயில்னா நெலம் பெரும்பாலும் மறைமாவட்ட பிஷப் பதவியோட பேர்ல இருக்கும் (பேராக், கெடா, பினாங்கு, பெர்லிஸ், கிளந்தான் எல்லாம் பினாங்கு மறைமாவட்டம்), மெதடிஸ்ட்டுன்னா டிரஸ்டிங்க பேர்ல இருக்கும். ஆக உள்ளூர் கோயில் கமிட்டி போட்ட கையெழுத்து மட்டும் போதாது, மேலேந்து எழுத்துல சம்மதம் வாங்கணும், அத ஆரம்பத்துலயே கேளுங்க, பிளான் எல்லாம் வரைஞ்சு முடிச்சிட்டு கேட்காதீங்க.

கெரான்ல விவசாய நிலம்னு இருந்தா கட்டடத்துக்கு மாத்தணும். துக்கார் ஷாராட்டுனு சொல்வாங்க, அது மாநில அரசு கையில இருக்கு, நாளாகும், பிரீமியமும் கட்டணும். அதுவரைக்கும் மத்த வேலைய நிறுத்தி வைக்க வேணாம், ஏன்னா அடுத்து நான் சொல்லப் போற வேலைக்கு நெலமே தேவையில்ல, ஆனா அதுக்குத்தான் நேரம் கம்மியா இருக்கு.

பெரியவங்க இருக்கும்போதே

சென்டர் கட்ட அஞ்சு வருஷம்கூட ஆகலாம். பால் எடுக்க ரப்பர் மரம் சீவினவங்க, தண்டலா இருந்து ஆளுங்கள வேலை வாங்கினவங்க, ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயில் கட்டப் போயி திரும்பி வந்தவங்களோட பிள்ளைங்க, இவங்க அதுவரைக்கும் இருப்பாங்களா? அதனால பணம் கையில வந்ததும் முதல் வெள்ளிய (ரிங்கிட்ட) சிமெண்டுக்கு செலவு பண்ணாதீங்க, ஒரு நல்ல மைக் வாங்குங்க. ஃபோன்லயே ரெக்கார்ட் பண்ணலாம், ஆனா சட்டையில குத்துற சின்ன மைக் இல்லன்னா ஃபேன் சத்தமும் கோழி சத்தமும்தான் கேட்கும். அவங்க வீட்டுலயே போயி பேசுங்க, பேத்தியோ மருமகளோ பக்கத்துல இருக்கட்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க. "உங்க அனுபவத்த சொல்லுங்க"ன்னு பொதுவா கேட்டா "கஷ்டப்பட்டோம் பா" அப்படின்னு முடிச்சிருவாங்க. காலைல எத்தன மணிக்கு பெரட்டு, யாரு பேரு கூப்பிடுவா, மழை பேஞ்சா அன்னைக்கு சம்பளம் உண்டா, மங்குல பால் நிரம்பினா எந்த வாளில ஊத்துவீங்க, கோயிலுக்கு நடந்து வரும்போது எந்த வழி, ஆத்துல தண்ணி வந்தா பூசைக்கு எப்படி வருவீங்க, இப்படி கையால தொட்டுக் காட்ற மாதிரி கேளுங்க, அப்புறம் அவங்க பேச்ச நிறுத்தவே முடியாது. பழைய ஃபோட்டோ இருந்தா கேட்டு வாங்கி எடுத்துட்டுப் போயிராதீங்க, அங்கேயே ஸ்கேன் பண்ணிட்டு கையிலயே திருப்பிக் கொடுங்க. ஃபோட்டோல நிக்கிறது யார் யாருன்னு அந்த நிமிஷமே எழுதிக்குங்க, ஒவ்வொரு தலைக்கும்.

ஒரு சம்மதக் கடிதம் தமிழ்ல, பெரிய எழுத்துல தயார் பண்ணி கையெழுத்து வாங்குங்க: இந்தக் குரலை சென்டர்ல போடலாமா, பேரு சொல்லலாமா, இன்டர்நெட்ல போடலாமா, மூணுக்கும் தனித்தனியா. சில பாட்டிங்க பேசுவாங்க ஆனா பேரு வேணாம்னு சொல்வாங்க, அத மதிக்கணும்.

பதிவேடு

ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு. இந்த மூணுதான் உங்க பொக்கிஷம், கோயில் கட்டடத்தவிட கூடன்னுகூட நான் சொல்வேன், கட்டடத்த திரும்பக் கட்டலாம், இத திரும்ப எழுத முடியாது. பழைய கத்தோலிக்கப் பதிவேடு லத்தீன்ல இருக்கும், எழுதினவரு பிரெஞ்சு சாமியாரா இருந்திருந்தா (இந்தப் பக்கம் ரொம்ப காலம் பாரீஸ் வேதபோதக சபைக்காரங்கதான் வேலை பார்த்தாங்க) நம்ம பேர பாண்டிச்சேரி பாணில எழுத்துக் கூட்டி வச்சிருப்பாரு. சவரிமுத்துவும் ஆரோக்கியமும் நீங்க எதிர்பார்க்கிற எழுத்துல இருக்க மாட்டாங்க. அதனால பெயர்ப்பட்டியல் போடும்போது மூணு நெடுவரிசை (காலம்) வைங்க: பதிவேட்டுல இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து, அப்புறம் தமிழ்ல, அப்புறம் இப்ப ஐசி-ல (அடையாள அட்டைல) எழுதுற மாதிரி. அப்பத்தான் பேரப்பிள்ளைங்களால தேடிக் கண்டுபிடிக்க முடியும். தோட்டத்து பேரும், சொந்த ஊரு எழுதியிருந்தா அதையும் தனித்தனிக் காலத்துல போடுங்க. சில பக்கத்துல தாய் தகப்பன் பேருக்குப் பக்கத்துல தஞ்சாவூரோ திருச்சியோ ஏதோ ஒரு கிராமத்துப் பேரு குட்டியா எழுதியிருக்கும், மை மங்கி பழுப்பாயிருக்கும், ஓரத்துல பூச்சி அரிச்ச கோடு அந்தப் பேரத் தொட்டுக்கிட்டுப் போகும். அந்தக் கோடு இன்னும் ஒரு மில்லிமீட்டர் இந்தப் பக்கம் வந்திருந்தா ஒரு குடும்பத்தோட ஊரே போயிருக்கும்.

லேமினேட் பண்ணாதீங்க. செலோடேப் ஒட்டாதீங்க. நல்ல எண்ணத்துல செய்றவங்கதான் இத செய்றாங்க, ஆனா லேமினேட் பண்ணின பக்கத்த திரும்பக் காப்பாத்தவே முடியாது, டேப் பசை பத்து இருபது வருஷத்துல காகிதத்த மஞ்சளாக்கி கெடுத்துரும். ஃபிளாஷ் இல்லாம மேலேந்து ஃபோட்டோ எடுங்க, இல்ல மேல்பக்கத்துலேந்து எடுக்குற ஸ்கேனர் வாங்குங்க, புக்க விரிச்சு கண்ணாடில அமுக்குற சாதா ஸ்கேனர் தையல ஒடச்சிரும். 400 டிபிஐ இருந்தா நல்லது. மூணு காப்பி மூணு எடத்துல வைங்க, அதுல ஒன்னு கண்டிப்பா டவுனுக்கு வெளியில. ஒரிஜினல் டிஸ்பிளேக்குப் போகக்கூடாது, பிரிண்ட் எடுத்த காப்பி போதும். பதிவேட்டுல குடும்ப ரகசியமும் இருக்கும், தகப்பன் பேரு இல்லாத பிள்ளைங்க, தத்து எடுத்தது எல்லாம். நூறு வருஷம் தாண்டாத ஞானஸ்நானப் பக்கத்த பொதுவுல திறந்து விடாதீங்கன்னு நான் சொல்வேன், சொந்தக் குடும்பம் நேர்ல வந்து கேட்டா அவங்க வரியை மட்டும் காட்டுங்க, அதுவும் ஃபாதர் அனுமதியோட.

கோயில் சுவர தொட்டுப் பாருங்க

சென்டர் வரைறதுக்கு முன்னாடி பழைய கட்டடம் எப்படி இருக்குன்னு தெரியணும், ஏன்னா பக்கத்துல தோண்டப் போறீங்க. உள்ள போயி தரையிலேந்து ஒரு இடுப்பு உயரத்துக்கு சுவர விரலால தேய்ச்சுப் பாருங்க. வெள்ளையா மாவு மாதிரி ஒட்டினா அது உப்பு. அந்தக் காலத்து சுவரு செங்கல்லும் சுண்ணாம்பும், ஈரம் மேல ஏறும் ஆனா சுண்ணாம்பு வழியா வெளிய போயிரும். பின்னாடி வந்தவங்க பளபளன்னு இருக்கணும்னு சிமெண்ட் பூசி அதுக்கு மேல எண்ணெய் பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, இப்ப ஈரத்துக்கு வெளிய போக வழியில்ல, உள்ளயே நின்னு உப்பா வெடிச்சு பூச்சத் தள்ளுது. இந்த சுவரு பக்கத்துல நீங்க சென்டருக்கு சிமெண்ட் முற்றம் போட்டு மழைத்தண்ணிய கோயில் பக்கம் சரிச்சு விட்டீங்கன்னா, நம்ம நாட்டு மழைக்கு (வருஷத்துக்கு 2500 மில்லிமீட்டர் கிட்ட பேயுது, தைப்பிங் பக்கம் இன்னும் கூட) அந்த சுவரு தாங்காது. முற்றத்துக்கு சரளைக்கல்லு போடுங்க, இல்ல புல்லு விடுங்க. லோங்காங் (வடிகால்) கோயில்லேந்து தள்ளி, தண்ணி வெளியே ஓடுற மாதிரி.

மரக்கோயில்னா, தைப்பிங் ஆல் செயின்ட்ஸ் மாதிரி, முதல் எதிரி கரையான். தோட்டத்து மண்ணுல பழைய ரப்பர் வேரும் கட்டையும் புதைஞ்சு கெடக்கும், கரையானுக்கு அது விருந்து. காலி எடத்த சுத்தம் பண்ணும்போது வேரத் தோண்டி எடுத்துட்டு அப்புறம் மண்ண நிரப்புங்க, புதைச்சு மூடாதீங்க.

எஞ்சினியர வச்சு கோயில்ல இருக்கிற ஒவ்வொரு விரிசலையும் ஃபோட்டோ எடுத்து நம்பர் போட்டு வைங்க, பெரிய விரிசல்ல அளக்குற கேஜ் ஒட்டுங்க. பக்கத்துல பைலிங் அடிச்சா பழைய சுவரு அதிரும், அதனால அடிக்கிற பைல் வேணாம், ஆழமில்லாத ராஃப்ட் அஸ்திவாரமோ துளை போட்டு எறக்குற மைக்ரோ பைலோ கேளுங்க. வேலை நடக்கும்போது விரிசல் நகருதான்னு வாராவாரம் பார்க்கணும். முன்னாடி எடுத்த ஃபோட்டோ இல்லன்னா கான்ட்ராக்டர் "இது முன்னாலயே இருந்துச்சு"ன்னு சொல்லிட்டுப் போவாரு, நம்மகிட்ட பதில் இருக்காது.

இன்னொன்னு, இதுக்கு நான் ரொம்ப அழுத்தம் கொடுப்பேன். கோயில் பக்கத்துல காலியா இருக்கிற எடம் ஏன் காலியா இருக்குன்னு கேளுங்க. பழைய தோட்டத்துக் கோயில் பக்கம் கல்லு இல்லாத கல்லறை இருக்கும், முக்கியமா கைக்குழந்தைங்களோடது. ஒரு மரச்சிலுவை நட்டிருப்பாங்க, அது மக்கிப் போயிருக்கும். அடக்கப் பதிவேட்டையும் பாருங்க, பெரியவங்களையும் அந்த எடத்துக்கே கூட்டிட்டுப் போயி நிறுத்திக் கேளுங்க. சந்தேகம் இருந்தா அந்தப் பக்கம் தோண்டாதீங்க, தோட்டமா விட்டு ஒரு கல்லு நாட்டுங்க. தோண்டும்போது பழைய பொருள் ஏதாவது கெடச்சா வேலைய நிறுத்திட்டு பெஜாபாட் டேராவுக்கோ (மாவட்ட ஆபீஸ்) ஜபாத்தான் வாரிசானுக்கோ (பாரம்பரியச் சின்னங்கள் இலாகா) சொல்லணும், 2005 தேசிய வாரிசான் சட்டத்துல அது கட்டாயம்.

சட்டம்னு வந்ததால சொல்லிடறேன், பழசா இருந்தா தானாவே பாதுகாப்பு வந்துரும்னு நெனைக்காதீங்க. 2013-ல கெடா பூஜாங் பள்ளத்தாக்குல ஆயிரம் வருஷத்துக்கு மேல பழைய சண்டி (பழங்காலக் கோயில்) ஒன்னு தனியார் நெலத்துல இருந்துச்சு, டெவலப்பர் இடிச்சு தள்ளினப்புறம்தான் ஊருக்கே தெரிஞ்சுது. உங்க கோயில வாரிசான் பட்டியல்ல போடணும்னா நெலத்து சொந்தக்காரங்களோட பேசி விண்ணப்பம் போடுங்க, ஆனா பட்டியல்ல வந்துட்டா அப்புறம் எத மாத்தினாலும் அவங்ககிட்ட அனுமதி வாங்கணும்னு கமிட்டிக்கு முன்கூட்டியே தெளிவா சொல்லிருங்க.

எங்க கட்டறது, எவ்வளவு பெருசு

சின்னதா கட்டுங்க. இதுல நான் யாருகிட்டயும் விட்டுக் கொடுக்க மாட்டேன். பெரிய ஹால் கட்டினா வருஷத்துக்கு ரெண்டு கல்யாணம் நடக்கும், மத்த நாளு பூட்டியே கெடக்கும், கரண்ட் பில்லு மட்டும் வரும்.

டவுனுக்குள்ள வர்ற ரோட்டுலேந்து கோயில் எப்படித் தெரியுதோ அந்தக் காட்சிய மறைக்கக்கூடாது. ரோட்டோரம், வாசல்ல, மணிக்கூண்டுக்கு நேரா, மூணு எடத்துல நின்னு ஃபோட்டோ எடுங்க, அந்த ஃபோட்டோ மேலேயே சென்டர பேனாவால வரைஞ்சு பாருங்க. கோயில் முகப்ப மறைச்சா தள்ளி வைங்க, பின்பக்கமோ பக்கவாட்டுலயோ. கோயில் சுவரு எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது இடைவெளி விடுங்க, கூரை கோயில் கூரையோட கீழ்விளிம்புக்குக் கீழ நிக்கணும். புக்கிட் மெர்தாஜாம்ல 1888-ல கட்டின பழைய கோயில அப்படியே வச்சிட்டு 2002-ல புதுசு தனியா, வேற மாதிரி கட்டினாங்க பாருங்க, பழசு பழசாவே இருக்கு. 1964 வெனிஸ் சாசனம்னு உலகம் பூரா பழைய கட்டட வேலைக்காரங்க ஒத்துக்கிட்ட ஒரு ஆவணம் இருக்கு, அதுல முக்கியமா ரெண்டு விஷயம்: ஊகம் ஆரம்பிக்கிற எடத்துல புதுப்பிக்கிற வேலைய நிறுத்து, புதுசா சேர்க்கிறது புதுசுன்னு தெரியட்டும். அதனால கோயிலப் பார்த்து அதே கூர் வளைவு ஜன்னல், அதே சிலுவைக் கோபுரம் எல்லாம் சென்டர்ல ஃபைபர்ல செஞ்சு ஒட்டாதீங்க, நூறு வருஷம் கழிச்சு வர்றவனுக்கு எது நெசம்னு குழம்பும்.

அப்ப எந்த மாதிரி? நம்ம கண்ணு முன்னாடியே மாதிரி இருக்கு. நீளமான லயத்து வீடு, முன்னால தாழ்வாரம், நல்லா வெளிய நீட்டின கூரை, சுவருக்கு மேல காத்து போக எடைவெளி. அந்த வடிவத்துல ஒரு வரிசைக் கட்டடம் கட்டினா நம்ம வெயிலுக்கும் மழைக்கும் பொருந்தும், ஏர்கான் கொஞ்சமா போதும், வர்ற பெரியவங்களுக்கு சொல்லாமலே புரியும். தாழ்வாரத்த பூட்டு இல்லாம வெளிய விடுங்க, அதுலயே ஒரு பத்துப் பலகையில முழுக் கதையும் இருக்கணும், ஏன்னா நம்மால தினமும் ஆளு போட்டு திறக்க முடியாது, செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஈப்போலேந்து வந்தவரு வெறுங்கையோட திரும்பக்கூடாது.

உள்ள மூணு ரூம் போதும். நான் சொன்ன தேடுற மேசை ரூம், பிள்ளைங்க தரையில உட்காருற அளவுக்கு ஒரு வகுப்பு ரூம், பதிவேடு வைக்கிற சின்ன ரூம். இந்தக் கடைசி ரூமுக்கு மட்டும் இருவத்துநாலு மணி நேரமும் ஓடுற டிஹியூமிடிஃபையர் வைங்க, பகல்ல ஏர்கான் போட்டு ராத்திரி நிறுத்துறது ஒன்னும் இல்லாததவிட மோசம், ஈரம் வேர்த்து காகிதத்துல பூஞ்சை புடிக்கும். ஈரப்பதம் 65 சதவீதத்த தாண்ட விடாதீங்க. பழைய காகிதம், துணி இருக்கிற எடத்துல வெளிச்சம் 50 லக்ஸ் போதும், ஜன்னல் வெயில் படக்கூடாது.

டாய்லெட் கோயிலுக்கு ஒட்டி வேணாம், செப்டிக் டேங்க் ஈரம் சுவருக்கு ஆகாது. சக்கர நாற்காலிக்கு சரிவு 1-க்கு 12, அதாவது ஒரு அடி ஏற பன்னெண்டு அடி நீளம், டாய்லெட்டுக்குள்ள நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம். வர்றவங்கள்ல பாதி எழுவது வயசு தாண்டினவங்க, அதனால இத கடைசில ஒட்டு வேலையா செய்யாதீங்க, முதல் கோட்டுலயே வரைங்க. பஸ் திரும்ப எடம் இருக்கான்னும் பாருங்க, பன்னெண்டு மீட்டர் பஸ் தோட்டத்து ரோட்டுல ரிவர்ஸ் எடுக்கிறத பார்த்தவங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு புரியும்.

என்ன கதை சொல்றது

சாமியார் லிஸ்ட்டும் பிஷப் வந்த ஃபோட்டோவும் மட்டும் போட்டா அது கோயில் ஆண்டுமலர், சென்டர் இல்ல. 1877-ல ரப்பர் கன்னு இந்தப் பக்கம் வந்தது, நாகப்பட்டினத்துலேந்து கப்பல் ஏறினது, 1907-ல தமிழ் குடியேற்ற நிதி வந்தது, 1910-ல ஒப்பந்தக் கூலி முறை முடிஞ்சது, கங்காணி ஊருக்குப் போயி ஆள் கட்டறது, 1938-ல இந்தியா ஆளு அனுப்புறத நிறுத்தினது, இதெல்லாம் ஒரு பலகை. ஜப்பான்காரன் காலத்துக்கு தனிப் பலகை, 1942-43 சயாம் மரண ரயிலுக்கு தோட்டத்துலேந்து போனவங்கள்ல பல பேரோட பேர அடக்கப் பதிவேட்டுல தேடினா கிடைக்காது, ஏன்னா அவங்க இங்க திரும்பவே இல்ல. ஞானஸ்நானத்துல பேரு இருக்கு, அடக்கத்துல இல்ல, அந்த மாதிரி பேருங்கள வீட்டுல கேட்டு உறுதி பண்ணிட்டு ஒரு பலகையில எழுதுங்க. 1948 அவசரகாலம் (கம்யூனிஸ்ட் கலகம்), லயத்த சுத்தி முள்வேலி. அப்புறம் தோட்டத்த துண்டு போட்டு வித்தது, அதுக்கு பதிலா 1960-ல மந்திரியா இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சு பத்துப் பத்து வெள்ளியா சேர்த்து தோட்டம் வாங்கினது. கடைசில செம்பனை, வெளியேறினது, டவுன் குடியிருப்புல தாமான் வீடு. கள்ளுக்கடையையும் சம்பளத் தகராறையும் மறைக்காதீங்க, மாரியம்மன் கோயில் திருவிழாவும் மாதா தேரும் ஒரே தோட்டத்து ஆளுங்க தோள்ல போனதையும் விட்டுராதீங்க.

பலகை எழுத்து சுருக்கமா, நின்ன எடத்துல ஒரு நிமிஷத்துல படிக்கிற மாதிரி. தமிழ், மலாய், இங்கிலீஷ் மூணுலயும் போடுங்க, முடிஞ்சா சீனமும். தமிழ மத்த மொழிலேந்து பெயர்க்காதீங்க, தமிழ்ல முதல்ல எழுதுங்க, பாட்டிங்க சொன்ன வார்த்தையிலயே. பலகையோட நடு கண்ணு மட்டத்துக்கு, தரையிலேந்து 140 சென்டிமீட்டர் கிட்ட, பிள்ளைங்களுக்கு இன்னும் கீழ ஒரு வரிசை.

பேப்பர் வேலை

பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் இல்லாம முடியாது. அவரு மூலமா மாஜ்லிஸோட (உள்ளூர் கவுன்சில்) ஓஎஸ்சி கவுண்டர்ல (எல்லா விண்ணப்பமும் ஒரே எடத்துல வாங்குறது) கெபெனாரான் மெரான்சாங் (திட்ட அனுமதி), பில்டிங் பிளான், பொம்பா (தீயணைப்பு), தண்ணி, கரண்ட், கழிவுநீர் எல்லாம் போகும். முடிஞ்சதும் கட்டடத்த பயன்படுத்தலாம்னு சிசிசி சர்டிபிகேட் கொடுக்கிறதும் அவருதான், 2007-லேந்து அப்படி. பழைய கட்டட வேலை பார்த்தவரான்னு கேளுங்க, சுண்ணாம்பு பூச்சு பத்தி ரெண்டு கேள்வி கேட்டாலே தெரிஞ்சுரும். கான்ட்ராக்டர் சிஐடிபி-ல (கட்டுமானத் துறை வாரியம்) பதிஞ்சிருக்கணும். விண்ணப்பத்துல இது வழிபாட்டு எடமில்ல, வரலாறு காட்டுற எடம்னு தெளிவா எழுதுங்க, வழிபாட்டு எடத்துக்கு விதிமுறை வேற. ரோட்டுல பேரு பலகை வைக்க கவுன்சில் லைசென்ஸ் வேணும், மலாய் எழுத்து முன்னாடி பெருசா இருக்கணும்.

டியூஷன் மாதிரி தொடர்ந்து வகுப்பு நடத்துற எண்ணம் இருந்தா கவனம், 1996 கல்விச் சட்டத்துல பத்து பேரு அல்லது அதுக்கு மேல வழக்கமா பாடம் படிக்கிற எடம் பள்ளிக்கூடக் கணக்குல வந்துரும், பதிவு கேட்பாங்க. ஸ்கூல் ஒரு நாளு சுத்திப் பார்க்க வர்றது வேற விஷயம்.

பிள்ளைங்க வர்ற அன்னைக்கு

நாலாம் ஆண்டுலேந்து ஆறாம் ஆண்டு வரைக்கும் செஜாரா (வரலாறு) பாடம் இருக்கு, அந்த வயசுதான் சரி. தமிழ்ப்பள்ளி மட்டும் இல்ல, மலாய், சீனப் பள்ளிங்களும் வரணும், அப்பத்தான் நம்ம கதை நம்மளுக்குள்ளயே சுத்தாம வெளிய போகும். அதுக்கு டிசைன்லயே ஒரு விஷயம் வேணும்: சென்டர் வாசல் தனியா, முற்றத்துலேந்து நேரா. பீடத்துக்கு முன்னால போகாமலே முழு சென்டரையும் பார்த்துட்டுப் போற வழி. முஸ்லிம் பிள்ளைங்க வர்றப்ப ஹெட்மாஸ்டருக்கு ஒரு தயக்கமும் இருக்கக்கூடாது. கவுண்டர்ல ஜெபப் புஸ்தகம், சுவிசேஷத் துண்டுத்தாள் எதுவும் வைக்காதீங்க. முஸ்லிம்களுக்கு மத்த மதத்தப் பரப்புறத மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம்னு அரசியலமைப்பு 11(4)-ல இருக்கு, அது ஒரு பக்கம், வந்தவங்களுக்கு நாம கொடுக்கிற மரியாதையும் அதுதான். கோயிலுக்குள்ள போக விரும்புற பள்ளி தனியா எழுத்துல சம்மதம் கொடுக்கட்டும்.

ஒரு பஸ் நாப்பது பிள்ளைங்கன்னா ரெண்டா பிரிங்க, பாதி தாழ்வாரத்துல, பாதி வகுப்பு ரூம்ல, அப்புறம் மாத்துங்க. கையில பொருள் கொடுங்க. முனை மழுக்கின பால் கத்தி, மங்கு, வாளி, காண்டாக் கம்பு. ஒரு பையன் காண்டாவ தோள்ல வச்சு ரெண்டு வாளிலயும் பாதிப் பாதி தண்ணி ஊத்தி இருவது அடி நடந்தாப் போதும், அவன் முகம் மாறுறது தெரியும், பத்துப் பலகை சொல்லாதத அந்தக் கம்பு சொல்லிரும். அப்புறம் ஒரு பதிவேட்டுப் பக்கத்தோட காப்பி, அதுல அவங்க வயசுல இருந்த ஒரு பிள்ளைய தேடச் சொல்லுங்க, பழைய காலத்து பேரு, தோட்டம், தாய் தகப்பன் செஞ்ச வேலை. வீட்டுக்குப் போயி பாட்டிகிட்ட கேட்டுட்டு வர ரெண்டு கேள்வி எழுதிக் கொடுத்தனுப்புங்க, அந்தப் பதில்ல பாதி உங்க சேகரிப்புக்கு வந்து சேரும்.

திறந்தப்புறம்

சனிக்கிழமையும் ஞாயிறு பூசைக்கு அப்புறமும் திறந்தா போதும், ஆனா போர்டுல போட்ட நேரத்துக்கு கண்டிப்பா திறங்க. சாவி மூணு பேருகிட்ட இருக்கணும், மூணு பேரு ஃபோன் நம்பரும் வாசல்ல எழுதியிருக்கணும், அதுல ஒருத்தர் டவுன்லயே குடியிருக்கிற ஆளா இருக்கட்டும். கரையான் செக்கிங் வருஷா வருஷம். கூரைத் தண்ணிக் குழாய், லோங்காங் எல்லாம் அக்டோபர் மழைக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து கோத்தோங் ரோயோங் போட்டு சுத்தம் பண்ணுங்க, கோயிலுக்கும் சேர்த்து. ஸ்கேன் பண்ணின ஃபைல் திறக்குதான்னு வருஷத்துக்கு ஒரு தடவை மூணு காப்பியையும் போட்டுப் பாருங்க, ஹார்ட் டிஸ்க் சொல்லாம செத்துப் போகும். தேடுற மேசைல ஒரு நோட்டு வச்சு, வந்து பேரு கிடைக்காமப் போனவங்களோட தாத்தா பேரு, தோட்டம், ஃபோன் நம்பர் எழுதி வாங்குங்க. அடுத்த பதிவேடு டைப் பண்ணி முடிச்சதும் அந்த நோட்ட எடுத்து ஒவ்வொரு பேரா தேடிப் பார்த்துட்டு, கிடைச்சவங்களுக்கு அன்னைக்கே ஃபோன் போடுங்க.